எல்லாக் குழந்தைக்கும் காது டெஸ்ட் பண்ணுங்க: பிரசவ ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்துக்கும் குழந்தைகள் பிரிவு டாக்டர்களுக்கும்,

பொறந்த குழந்தைங்கள வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் பண்ணிட்டிருந்த காது டெஸ்டை, இனிமே "ரிஸ்க் இருக்கற குழந்தைங்களுக்கு மட்டும்"னு மாத்தியிருக்கீங்க. மத்தவங்க வேணும்னா தனியா எழுதிக் குடுத்து கேட்டு வாங்கிக்கலாமாம். இதை வெளிய யாருக்கும் சொல்லக்கூட இல்ல. என் தங்கச்சிக்கு உங்ககிட்டதான் பிரசவம் ஆச்சு, டிஸ்சார்ஜ் பேப்பர்ல எடை, மஞ்சள் காமாலை, தடுப்பூசின்னு எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்துச்சு, காது டெஸ்ட்னு இருந்த எடத்துல மட்டும் ஒரு கோடு. ஏங்க கோடு போட்டிருக்குன்னு கேட்டேன். "உங்க குழந்தைக்கு ரிஸ்க் எதுவும் இல்லீங்க, தேவையில்ல"ன்னு சொன்னாங்க.

இதைச் சொன்னப்போ என் பொண்ணு என் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா. ரெண்டு காதுலயும் ஹியரிங் எய்ட். பொறந்ததுலேர்ந்தே அவளுக்கு ரெண்டு காதும் சரியா கேக்காது. அந்தக் குழந்தைக்கு இவ பெரியம்மா பொண்ணு. சொந்தத்துல சின்ன வயசுலேர்ந்தே காது கேக்காதவங்க யாராவது இருந்தா அது ரிஸ்க்னு பெரும்பாலான ரிஸ்க் லிஸ்ட்ல போட்டிருக்கு, உங்க லிஸ்ட்லயும் இருக்கும். ஆனா என் தங்கச்சிகிட்ட அந்தக் கேள்விய யாருமே கேக்கல. அட்மிட் ஆனப்பவும் கேக்கல, பிரசவத்துக்கு அப்புறமும் கேக்கல. ஃபைல்ல "குடும்ப வரலாறு: இல்லை"ன்னு யாரோ டிக் அடிச்சிருக்காங்க. அப்ப நீங்க புதுசா போட்ட ரூல் அதோட சொந்தக் கணக்குப்படியே வேலை செய்யல, அதுவும் கண்ணு முன்னாடி ஹியரிங் எய்ட் போட்ட குழந்தை நிக்கறப்பவே.

தங்கச்சி பையனுக்கு வெளிய டெஸ்ட் பண்ணிட்டோம், ரெண்டு காதும் நல்லா இருக்கு. அதனால இத எங்க வீட்டுப் பிரச்சினையா நினைச்சு எழுதல. அதே வார்டுல அடுத்தடுத்த பெட்டுல இருந்த குழந்தைங்க எல்லாம் அதே கோடு போட்ட பேப்பரோட வீட்டுக்குப் போயிருக்கு, அதுக்காகத்தான் எழுதறேன்.

முதல்ல இந்த ரிஸ்க் லிஸ்ட் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம், ஏன்னா நீங்க என்னமோ புதுசா ஒரு சிக்கன வழி கண்டுபிடிச்ச மாதிரி இதைப் பேசறீங்க. 1960கள்ல அமெரிக்காவுல டென்வர்ல மேரியன் டவுன்ஸ்னு ஒரு ஆடியோலஜிஸ்ட் (காது எவ்ளோ கேக்குதுன்னு பாக்கற நிபுணர்), பொறந்த குழந்தை பக்கத்துல சத்தம் எழுப்பி அது கண்ணு சிமிட்டுதா, அசையுதான்னு பாத்து டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சாங்க. பொறந்த உடனேயே கண்டுபிடிக்கணும்னு அந்தக் காலத்துலயே பிடிவாதமா நின்னவங்க. ஆனா அந்த முறைய நம்ப முடியல, பாக்கறவங்களுக்கு பாக்கறவங்க முடிவு மாறுது. 1969ல இதுக்குன்னே ஒரு கூட்டுக் குழு அமைச்சாங்க, அந்தக் குழு 1970கள்ல, எல்லாருக்கும் இப்படி சத்தம் போட்டு டெஸ்ட் பண்றது சரிப்படாது, குறைஞ்சபட்சம் ரிஸ்க் அதிகமா இருக்கற குழந்தைங்களயாவது லிஸ்ட் போட்டு கவனிப்போம்னு சொல்லுச்சு. கையில நம்பகமான மெஷின் இல்லாத காலத்துல வேற வழி இல்லாம வந்த லிஸ்ட் அது. மெஷின் வந்ததுக்கு அப்புறம் அதே குழு 1994ல, எல்லாக் குழந்தைக்கும்தான் கண்டுபிடிக்கணும்னு இலக்க மாத்திக்கிச்சு. நீங்க மெஷினை கப்போர்டுல வெச்சுட்டு 1970களுக்குத் திரும்பிப் போறீங்க.

லிஸ்ட்ல என்னென்ன இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. அஞ்சு நாளைக்கு மேல தீவிர சிகிச்சைப் பிரிவுல இருந்த குழந்தை, ரத்தம் மாத்தற அளவுக்கு மஞ்சள் காமாலை வந்த குழந்தை, ஜென்டாமைசின் மாதிரி காதைப் பாதிக்கக்கூடிய மருந்து நாள் கணக்குல போட்ட குழந்தை, அம்மாவுக்கு கர்ப்பத்துல ருபெல்லா, சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) மாதிரி தொற்று, முகம் காது அமைப்புல குறை, மூளைக்காய்ச்சல். இதுல ஒண்ணுகூட என் பொண்ணுக்குக் கெடையாது. நெறைமாசத்துல பொறந்தா, பொறந்த உடனே அழுதா, எடை சரியா இருந்துச்சு, பால் குடிச்சா, மூணாம் நாள் வீட்டுக்கு வந்தா. உங்க புது ரூல்படி பாத்தா டெஸ்டே தேவைப்படாத குழந்தை. நிரந்தரமா காது கேக்காம பொறக்கற குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேரு இப்படித்தான், லிஸ்ட்ல எந்தக் கட்டத்துலயும் மாட்டாதவங்க. ரிஸ்க் இருக்கறவங்களுக்கு மட்டும் டெஸ்ட்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா மீதிப் பாதியத் தெரிஞ்சேதான் விடறீங்க.

இன்னொண்ணு. காது கேக்காத குழந்தைங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல நல்லா காது கேக்கற அப்பா அம்மாவுக்குப் பொறக்கறதுதான். என் பொண்ணுக்கு அப்புறமா ஜீன் டெஸ்ட் பண்ணப்போ கனெக்சின் 26ங்கற ஜீன்ல மாற்றம்னு வந்துச்சு. பரம்பரையா வர்ற காது கேளாமைக்கு பல நாடுகள்ல இதுதான் அதிகமா பாக்கற காரணம். அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு சேர்ந்து வந்தாத்தான் குழந்தைக்கு பாதிப்பு, ஒண்ணு மட்டும் வெச்சிருக்கற எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, எங்க ரெண்டு பேருக்கும் நல்லாவே கேக்கும், தாத்தா பாட்டிங்களுக்கும் கேட்டுச்சு. "உங்க குடும்பத்துல யாருக்காவது இருக்கா"ன்னு அன்னிக்கு கேட்டிருந்தாக்கூட இல்லன்னுதான் சொல்லியிருப்போம், அது உண்மையும்கூட.

நீங்க சொல்ற இன்னொரு காரணம், காதுல பிரச்சினை இருந்தா வீட்டுல தெரிஞ்சுடும், அப்பக் கூட்டிட்டு வரட்டும்ங்கறது. இதை ஒரு டாக்டர் வாயால கேக்கறதுதான் எனக்குத் தாங்கல. வீட்டுல எப்படித் தெரியும்? காது கேக்காத குழந்தையும் மத்த குழந்தை மாதிரிதான் அழும், சிரிக்கும், மூணு மாசத்துல ங்கா ங்கான்னு சத்தம் விடும், முகத்தப் பாத்து சிரிக்கும். ஏழெட்டு மாசத்துல "பபப, மமம"ன்னு வரவேண்டிய மழலை தள்ளிப்போகும் இல்ல குறைவா வரும், ஆனா முதல் குழந்தை பெத்தவங்களுக்கு அந்த வித்தியாசம் எப்படிப் பிடிபடும்? கதவு படார்னு சாத்தினா என் பொண்ணு திரும்புவா. ஏன்னா அது தாழ்ந்த கனமான சத்தம், அதோட தரை அதிரும், காத்து முகத்துல அடிக்கும். பின்னாடி நின்னு கை தட்டினா திரும்புவா, நிழல் ஆடறது ஓரக்கண்ணுல தெரிஞ்சிருக்கும். தாத்தா கதவத் தொறந்து உள்ள வந்தா உடனே பாப்பா, அத்தன பேரு முகமும் அந்தப் பக்கம் திரும்பறத வெச்சு. நாங்க எல்லாரும் எவ்ளோ கெட்டிக்காரின்னு கொஞ்சினோம். உண்மையிலயே கெட்டிக்காரிதான், காதால வர வேண்டிய தகவலை எல்லாம் கண்ணாலயும் தோலாலயும் சேத்துக்கிட்டிருந்தா, அதனாலதான் எங்களுக்குத் தெரியாமப் போச்சு.

அதோட, காது கேக்கலைன்னாலே மொத்தமா நிசப்தம்னு ஒரு எண்ணம் இருக்கு. என் பொண்ணுக்கு தாழ்ந்த சத்தம் ஓரளவு கேக்கும், உயர்ந்த சத்தம்தான் போயிடுச்சு. அதாவது அம்மா, மாமா, வா, போங்கறதுல இருக்கற உயிர் ஒலியும் ம, ன மாதிரி மூக்கொலியும் கொஞ்சம் விழும், க, ச, ட, த, ஸ, ஷ மாதிரி மெய்யெல்லாம் தேஞ்சு போயிடும். பேசறது எல்லாம் அவளுக்கு ஒரு முனகல். ஆனா வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்கு? கூப்ட்டா சில நேரம் திரும்பறா, சில நேரம் திரும்பல. "பிடிவாதம்"னாங்க. "விளையாட்டுல மும்முரமா இருக்கா"ன்னாங்க. அப்புறம் ஆட்டிசமா இருக்குமோன்னு ஒரு பேச்சு, அதுக்கு ஒரு எடம் போயி ஏதேதோ கேள்வித்தாள் நிரப்பிக் குடுத்தோம், அங்கயும் யாரும் காதைப் பாக்கலாமேன்னு சொல்லல.

பேச்சு வரலைன்னு நாங்க குழந்தை டாக்டர்கிட்ட சொன்னப்போ (எந்த டாக்டர்னு இங்க எழுதப்போறதில்ல, ஒருத்தர் மட்டும் இல்ல) வந்த பதில் "ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரிம்மா, மூணு வயசு வரைக்கும் பொறுத்துப் பாருங்க". டாக்டர் மேசைல இருந்த சாவிக்கொத்தை எடுத்து குலுக்கினாரு, அவ பாத்தா, "கேக்குது பாருங்க"ன்னாரு. அவ கையப் பாத்தா சார், சத்தத்த இல்ல. நீங்க உங்க கட்சிக்குத் துணையா வெச்சிருக்கற அதே ரிஸ்க் லிஸ்ட்ல, குழந்தைக்கு சரியா கேக்கலையோ பேச்சு வரலையோன்னு பெத்தவங்க சந்தேகப்பட்டாலே அது ஒரு ரிஸ்க், டெஸ்ட் பண்ணணும்னு இருக்கு. அந்த வரியை யாரும் படிக்கற மாதிரி தெரியல.

கடைசில கண்டுபிடிச்சப்போ அவளுக்கு மூணு வயசு நெருங்கிடுச்சு. எங்க கதை அபூர்வமானது இல்ல. எல்லாருக்கும் டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி அமெரிக்காவுலயே சராசரியா ரெண்டரை வயசுக்கு மேலதான் கண்டுபிடிச்சிட்டிருந்தாங்க. பேச்சு வரலைங்கறதே முதல் அறிகுறியா இருந்தா வேற எப்ப கண்டுபிடிக்க முடியும்? இங்கிலாந்துல ஏழெட்டு மாசத்துல நர்ஸுங்க குழந்தைக்கு விளையாட்டு காட்டிட்டு பக்கத்துலேர்ந்து சத்தம் எழுப்பி பாக்கற முறைய பல வருஷம் வெச்சிருந்தாங்க, அதுலயும் நெறைய தப்பிச்சுப் போகுதுன்னு தெரிஞ்சு 2006க்குள்ள நாடு முழுக்க பொறந்த உடனே மெஷின்ல பாக்கறதுக்கு மாறிட்டாங்க.

இந்த மூணு வருஷத்துல என்ன போச்சுன்னு கேட்டா காது போகல, காது அப்படியேதான் இருந்துச்சு. போனது மொழி. குழந்தை வயித்துல ஆறு மாசம் தாண்டும்போதே சத்தத்துக்கு அசைய ஆரம்பிக்குது, பொறக்கும்போதே அம்மா குரல் எதுன்னு தெரியுது. முதல் ரெண்டு மூணு வருஷம் மூளை மொழியக் கத்துக்கற வேகத்துக்கு அப்புறம் எந்த வயசுலயும் ஈடு கெடையாது. அந்த நேரத்துல அங்க ஒண்ணுமே போய்ச் சேரலைன்னா, கேக்கறதுக்குன்னு இருக்கற மூளைப் பகுதி வேற வேலைக்குப் போயிடும், அப்புறமா எவ்ளோ நல்ல மெஷின் மாட்டினாலும் வர்ற சத்தத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்க அது திணறும். 1998ல அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல யோஷினாகா-இட்டானோன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரியாம இருக்காது. ஆறு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சு உதவி ஆரம்பிச்ச குழந்தைங்க, அதுக்கு மேல கண்டுபிடிச்ச குழந்தைங்களவிட மொழியில தெளிவா முன்னாடி இருந்தாங்க. காது கேக்காத அளவு குறைச்சலோ அதிகமோ, குடும்பம் படிச்சதோ படிக்காததோ, வித்தியாசம் அப்படியே இருந்துச்சு. அதுலேர்ந்துதான் ஒண்ணு-மூணு-ஆறுன்னு கணக்கு நின்னுச்சு: ஒரு மாசத்துக்குள்ள டெஸ்ட், மூணு மாசத்துக்குள்ள என்னன்னு உறுதி பண்ணணும், ஆறு மாசத்துக்குள்ள உதவி ஆரம்பிக்கணும். முடிஞ்ச எடத்துல இதையும் ஒண்ணு-ரெண்டு-மூணா குறைக்கணும்னு இப்பப் பேசிட்டிருக்காங்க. சில வாரக் குழந்தைக்கே ஹியரிங் எய்ட் மாட்டறாங்க. காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கற கருவி) தேவைப்படற குழந்தைக்கு ஒரு வயசுக்கு முன்னாடியே பண்றாங்க, அமெரிக்காவுல 2020லேர்ந்து ஒன்பது மாசக் குழந்தைக்கே அனுமதி குடுத்திருக்காங்க.

இங்க ஒண்ணு சொல்லிக்கறேன், ஏன்னா இந்த டெஸ்ட்டே காது கேக்காதவங்கள எல்லாம் "சரி பண்ணி" பேச வைக்கறதுக்குத்தான்னு சிலர் நினைக்கறாங்க. அப்படி இல்ல. சைகை மொழிய தேர்ந்தெடுக்கற குடும்பத்துக்கும் சீக்கிரம் தெரியணும், இன்னும் சொல்லப்போனா அவங்களுக்குத்தான் அதிகமா தேவை, அப்பா அம்மாவே புதுசா ஒரு மொழி கத்துக்கணுமே. குரலோ கையோ ஏதாவது ஒரு வழியில முதல் வருஷத்துலேர்ந்தே குழந்தைக்கு ஒரு முழு மொழி கிடைக்கணும், அதுதான் விஷயம். என் பொண்ணுக்கு மூணு வயசு வரைக்கும் ரெண்டுமே கிடைக்கல. பசி, வலி, பயம் எதையும் சொல்லத் தெரியாம தலைய செவுத்துல முட்டிக்குவா.

இப்ப டெஸ்ட்டுக்கு வருவோம். 1978ல லண்டன்ல டேவிட் கெம்ப்ங்கறவர் ஒரு விஷயத்த நிரூபிச்சாரு. நல்லா இருக்கற காதுக்குள்ள ஒரு கிளிக் சத்தம் விட்டா, உள்காதுல இருக்கற முடி செல்கள் அதிர்ந்து, காதே திருப்பி ஒரு மெல்லிசான சத்தத்த வெளிய அனுப்புது. அந்த எதிரொலிய ஒரு குட்டி மைக்க வெச்சு பிடிக்கறதுதான் ஓ.ஏ.இ. டெஸ்ட். ரப்பர் முனைய காதுல வெச்சா குழந்தை தூங்கிட்டிருக்கும்போதே சில நிமிஷத்துல முடிஞ்சுடும். ஊசி இல்ல, மருந்து இல்ல, ரத்தம் இல்ல, குழந்தை பதில் சொல்லணும்னும் இல்ல. இன்னொண்ணு நாம பெரான்னு சொல்றது, நெத்தியிலயும் காதுக்குப் பின்னாடியும் சின்னதா ஒட்டி, சத்தம் நரம்பு வழியா மூளைத்தண்டு வரைக்கும் போகுதான்னு பாக்கறது, அதுலயும் தானா பாஸ், இல்ல ரெஃபர் (மறுபடி பாக்கணும்)னு காட்டற மெஷின் வந்துடுச்சு. இதை நடத்த ஆடியோலஜிஸ்ட் எல்லா நேரமும் பக்கத்துல நிக்க வேண்டியதில்ல, பயிற்சி எடுத்த நர்ஸே பண்ணலாம், நீங்களே போன மாசம் வரைக்கும் அப்படித்தான் பண்ணிட்டிருந்தீங்க!

ரெண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. முடி செல் நல்லா இருந்து நரம்புல கோளாறுன்னா ஓ.ஏ.இ. பாஸ்னு காட்டிடும். மூச்சுத்திணறலோட பொறந்த, கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தைங்களுக்குத்தான் இந்த நரம்புக் கோளாறு அதிகம் வருது. அப்ப ரிஸ்க் இருக்கற குழந்தைக்கு நீங்க பண்ண வேண்டியது பெரா. ஆனா உங்க வார்டுல "ரிஸ்க் குழந்தைக்கு" பண்றது வெறும் ஓ.ஏ.இ. மட்டும்தான்னு அங்க வேலை பாக்கறவங்களே சொல்றாங்க. ஆக, யாருக்கு பண்ணுவோம்னு சொல்றீங்களோ அவங்களுக்கும் சரியான டெஸ்ட் பண்ணல.

அப்புறம் "ரெஃபர்னு வந்தா பெத்தவங்க வீணா பயந்துடறாங்க, பாதிக்கு மேல பொய் எச்சரிக்கை"ன்னு சொன்னீங்களாம். நியாயமான கவலைதான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு காரணம் டெஸ்ட் இல்ல, டெஸ்ட் பண்ற நேரமும் விதமும். பொறந்து சில மணி நேரத்துல காதுக்குள்ள தண்ணியும், பொறக்கும்போது உடம்புல ஒட்டியிருக்கற வெள்ளை மாவும் அடைச்சிருக்கும், அப்பப் பண்ணா ரெஃபர்னு வர வாய்ப்பு அதிகம். ஒரு நாள் கழிச்சு, பால் குடிச்சு தூங்கும்போது, ஃபேனும் பேச்சும் இல்லாத ஒரு மூலைல பண்ணுங்க. வரலைன்னா டிஸ்சார்ஜுக்கு முன்னாடி இன்னொரு தடவை. ஒழுங்கா நடத்தற எடத்துல ஸ்க்ரீனிங் முடிஞ்சு மேல் டெஸ்ட்டுக்கு அனுப்பறது 4 சதவீதத்துக்குள்ள நிக்கணும்னு ஒரு அளவுகோலே இருக்கு. உங்க எண்ணிக்கை அதுக்கு மேல போச்சுன்னா நேரத்த மாத்தணும், எடத்த மாத்தணும், நர்ஸுக்கு திரும்பப் பயிற்சி குடுக்கணும். டெஸ்டையே நிறுத்தறது எந்த ஊர் தீர்வு? காய்ச்சல் மானி தப்பா காட்டுதுன்னு யாராவது காய்ச்சல் பாக்கறதையே விட்டுடுவாங்களா?

பெத்தவங்க பயப்படறது பத்தி நானும் ஒண்ணு சொல்றேன், ஏன்னா நான் பயந்தவதான். ரெண்டு நாள் குழந்தையோட இருக்கறவகிட்ட "மறுபடி டெஸ்ட் பண்ணணும், இதுக்கு காது கேக்கலைன்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலான குழந்தைங்க அடுத்ததுல பாஸ் ஆயிடும், ஆனா கட்டாயம் வாங்க"ன்னு ஒக்காந்து நிதானமா சொன்னா பயம் ஒரு வாரத்துல போயிடும். என் பயம் வருஷக் கணக்குல இருந்துச்சு. எதைப் பாத்து பயப்படறோம்னே தெரியாத பயம் அது. எது மோசம்னு நீங்களே சொல்லுங்க.

எழுதி குடுத்து கேட்டா பண்ணுவோம்ங்கறீங்க. யாரு கேப்பாங்க? இப்படி ஒரு டெஸ்ட் இருக்குன்னே தெரியாதவங்க கேப்பாங்களா? கேக்கத் தெரிஞ்சவங்க குழந்தைக்கு மட்டும் டெஸ்ட்னா, அது ஏற்கனவே எல்லாம் கிடைக்கறவங்களுக்கு இன்னொரு வசதி, அவ்ளோதான். ஆயிரம் குழந்தை பொறந்தா ஒண்ணுலேர்ந்து மூணு குழந்தைக்கு நிரந்தரமா கேக்கற குறை இருக்கும். உங்ககிட்ட வருஷத்துக்கு எத்தன பிரசவம் ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியும், நீங்களே பெருக்கிப் பாருங்க.

இன்னொரு விஷயம், இதை நிறைய டாக்டர்களே மறந்துடறாங்க. சி.எம்.வி. வைரஸால வர்ற காது கேளாமை. வயித்துல இருக்கும்போதே தொத்துன குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்க பொறக்கும்போது எந்த அறிகுறியும் இல்லாம இருப்பாங்க. அது கர்ப்பத்துல வந்ததுதான்னு உறுதி பண்ண, பொறந்து 21 நாளுக்குள்ள எச்சிலோ சிறுநீரோ எடுத்துப் பாக்கணும், அதுக்கு அப்புறம் பாத்தா பொறந்தப்புறம் தொத்துனதா முன்னாடியே இருந்ததான்னு பிரிச்சு சொல்ல முடியாது. காது டெஸ்ட்ல ரெஃபர் ஆனாத்தான் யாருக்காவது அந்த யோசனையே வரும். நீங்க டெஸ்டை எடுத்துட்டா அந்த மூணு வாரக் கதவும் சாத்திடுது. சி.எம்.வி.யால வர்றது பொறந்தப்புறம் மெதுவா கூடிக்கிட்டும் போகும், முதல் டெஸ்ட்ல பாஸ் ஆன குழந்தைக்கு ஒரு வயசுல, ரெண்டு வயசுல கேக்காமப் போகலாம்.

அதனால குழந்தை டாக்டர்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. பொறந்தப்ப பாஸ்ங்கறது அன்னிக்கு நிலவரம், ஆயுசுக்கும் இல்ல. மூளைக்காய்ச்சல் வந்து பிழைச்ச குழந்தைய காது பாக்காம வீட்டுக்கு அனுப்பாதீங்க, உள்காதுல சில வாரத்துலயே எலும்பு வளந்து அடைச்சிட்டா அப்புறம் இம்ப்ளான்ட் வைக்கறதே கஷ்டம். சளி பிடிச்சு பிடிச்சு காதுக்குள்ள பசை மாதிரி நீர் கட்டறது பத்து வயசுக்குள்ள பத்துல எட்டு குழந்தைக்கு ஒரு தடவையாவது வருதுங்கறாங்க, பெரும்பாலும் தானா மூணு மாசத்துல போயிடும், போகாதவங்க கிளாஸ்ல பின் பெஞ்சுல ஒக்காந்து "கவனம் இல்லை"ன்னு ரிப்போர்ட் வாங்கிட்டிருப்பாங்க. என் பொண்ணு கிளாஸ்லயே அப்படி ஒரு பையன் இருந்தான். அவளுக்கு மெஷின் இருக்குன்னு டீச்சர் அவ கிட்ட பாத்து பேசினாங்க, அவனுக்கு ஒண்ணும் இல்லன்னு நினைச்சுகிட்டு திட்டினாங்க. பாத்தா ஒரு காதுல சரியா கேக்கல. ஒரு காதுதானேன்னு விடற விஷயம் இல்ல இது, சத்தமா இருக்கற எடத்துல ஒரு காத வெச்சு பேச்சப் பிரிச்சு எடுக்கறது பெரியவங்களுக்கே ரொம்பக் கஷ்டம்.

என் பொண்ணு இப்பப் படிக்கறா, பேசறா, சண்டை போடறா. நல்லா இருக்கா. ஆனா மூணு வயசுல ஆரம்பிச்சவ அஞ்சு வயசுல மத்தவங்க தொட்ட எடத்த தொட எவ்ளோ பாடுபட்டான்னு கூட ஒக்காந்து பாத்தவ நான். தெரப்பில அவளோட அதே அளவு கேக்கற குறை இருக்கற ஒரு குழந்தை இருந்துச்சு, அது பொறந்த ஆஸ்பத்திரில டெஸ்ட் இருந்ததால மூணாவது மாசமே மெஷின் போட்டாச்சு. ரெண்டு வயசுலயே அது கதை சொல்லுச்சு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி காது, ஒரே மாதிரி மெஷின், ஒரே டீச்சர். அந்த அம்மா நல்லவங்க, என்கிட்ட ரொம்ப அன்பா இருப்பாங்க, எனக்குத்தான் அவங்க முகத்தப் பாக்க முடியாது.

நான் கேக்கறது இதுதான்.

ரிஸ்க் இருக்கறவங்களுக்கு மட்டும்ங்கற உத்தரவ ரத்து பண்ணுங்க, உங்ககிட்ட பொறக்கற எல்லாக் குழந்தைக்கும், யாரும் கேக்காமலே, ரெண்டு காதுக்கும், டிஸ்சார்ஜுக்கு முன்னாடி டெஸ்ட் நடக்கணும். லீவு நாள்ல பொறந்து அவசரமா போற குழந்தைக்கு ஒரு மாசத்துக்குள்ள வர தேதி எழுதிக் குடுத்து அனுப்புங்க. வேணாம்னு சொல்ற உரிமை பெத்தவங்களுக்கு இருக்கட்டும், ஆனா வேணும்னு கெஞ்சற நெலமை வேணாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுல அஞ்சு நாளைக்கு மேல இருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பெரா பண்ணுங்க, ஓ.ஏ.இ. மட்டும் பண்ணிட்டு பாஸ்னு எழுதாதீங்க.

ரெஃபர் ஆன குழந்தைங்களுக்கு ஒரு பொறுப்பாளரப் போடுங்க. ஒரு நர்ஸ் போதும், ஒரு நோட்டும் ஒரு போனும் போதும். மறு டெஸ்ட்டுக்கு வராதவங்களக் கூப்பிட்டு விசாரிக்கணும். முதல் டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் காணாமப் போற குழந்தைங்கதான் பல நாடுகள்ல இந்தத் திட்டத்தோட பெரிய ஓட்டை. ரெஃபர் ஆனவங்களுக்கு 21 நாள் தாண்டறதுக்கு முன்னாடி சி.எம்.வி. பாக்கணும்னு அதே நோட்டுல ஒரு கட்டம் போட்டுடுங்க.

ரிசல்ட்ட பெத்தவங்க கையில பேப்பராக் குடுங்க, புரியற மொழியில, எந்தக் காது, என்ன டெஸ்ட், அடுத்து என்ன பண்ணணும்னு. கூடவே எந்த மாசத்துல குழந்தை எதுக்குத் திரும்பணும், எப்ப மழலை வரணும், எது இல்லைன்னா வரணும்னு ஒரு பக்கம்.

தடுப்பூசி போட வர்றப்ப எல்லாம் கேக்குதா, பேசுதான்னு ஒரு கேள்வி கேளுங்க. பெத்தவங்க சந்தேகம்னு சொன்னா சாவிக்கொத்து குலுக்காம மெஷின் டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. பேச்சு தாமதம்னு வர்ற எந்தக் குழந்தைக்கும் காது டெஸ்ட் ரிப்போர்ட் பாக்காம "பொறுத்துப் பாருங்க"ன்னு எழுதக்கூடாதுன்னு உங்க டாக்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுங்க.

கடைசியா, உத்தரவு மாறின நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் டெஸ்ட் பண்ணாம வீட்டுக்குப் போன குழந்தைங்க லிஸ்ட் உங்க ரெக்கார்டுல இருக்கு, கோடு போட்ட பேப்பரோட. அவங்க எல்லாருக்கும் போன் பண்ணி திரும்பக் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணுங்க. இப்பவே கூப்பிட்டா அந்தக் குழந்தைங்களுக்கு இன்னும் மூணு மாசம் ஆகியிருக்காது. இதுல எதைப் பண்ணப் போறீங்க, எப்பலேர்ந்துன்னு எழுத்துல பதில் வேணும், எனக்கு மட்டும் இல்ல, பிரசவ வார்டு வாசல்ல எல்லாரும் படிக்கற மாதிரி ஒட்டுங்க.

இப்படிக்கு,
உங்க ஆஸ்பத்திரில போன மாசம் பொறந்த ஒரு குழந்தையோட பெரியம்மா